வீட்டுப் போக்கருக்கு அழகான பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு வாங்குவது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தஞ்சாவூர், நாகப்பட்டினம் வீடுகளில் காகிதச் சீட்டுகள் நமுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் டெல்டாவில் போக்கர் விளையாடுவோர் பிளாஸ்டிக் சீட்டுகளையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உறையில் ‘பிளாஸ்டிக் பூச்சு’ என்றிருந்தால் உள்ளே இருப்பது காகிதமே. ‘100 சதவீதம் பிளாஸ்டிக்’ என்று குறிப்பிட்ட கட்டையே தேர்ந்தெடுங்கள். அவை பெரும்பாலும் பிவிசியாலும், கெம் (Kem) என்ற நிறுவனத்தின் சீட்டுகள் போன்ற சிலவகை செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்காலும் செய்யப்படுகின்றன.

போக்கர் அளவுச் சீட்டின் அகலம் சுமார் 63 மில்லிமீட்டர். பிரிட்ஜ் என்ற மற்றொரு சீட்டாட்டத்துக்கான அளவு 57 மில்லிமீட்டர்தான் என்பதால் சிறிய கைகளுக்கு அதுவே வசதி.

அழகைப் பொறுத்தவரை முதுகுப்புற வடிவத்தையே நான் முதலில் பார்ப்பேன். சீட்டைத் தலைகீழாகத் திருப்பினாலும் வடிவம் மாறாதிருக்க வேண்டும்; இல்லையெனில், திரும்பியிருக்கும் சீட்டை எதிரில் இருப்பவர் அடையாளம் கண்டுகொள்ள முடியும். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து மங்கிய விளக்கொளியில் பெரியவர்களும் சேர்ந்து ஆடும் வீடுகளில், மூலை எண்கள் பெரிதாக அச்சிடப்பட்ட கட்டு மிகவும் உதவும். நிறம் வேறுபட்ட இரண்டு கட்டுகளாக வாங்கினால், ஒன்றைப் பங்கிடும்போதே மற்றொன்றைக் கலைத்து வைக்கலாம்.

முறுக்கு எண்ணெய் பட்டால் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் வைத்தால் சீட்டுகள் வளைந்துவிடும்.