வீடு கட்டும்போது நீங்களே பார்க்க வேண்டிய வேலை: தண்ணீர் விடுதல்

கொத்தனாரிடம் கூலி பேசும்போதே பெரும்பாலும் ஒரு வரி வந்துவிடும்: "தண்ணி விடறது உங்க பொறுப்பு." நாமும் தலையாட்டிவிடுகிறோம். ட்யூபைப் பிடித்து நனைப்பதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். என் வீடு கட்டி முடித்த பிறகு சொல்கிறேன்: வீட்டுக்காரர் கையால் செய்யும் வேலைகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமென்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கிற வேதிவினையால்தான் இறுகுகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போனால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். மேலே பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் வர வேண்டிய பலம் முழுதாக வந்திருக்காது.

சிமென்ட் மூட்டையைப் படியுங்கள்

மூட்டையில் ஓ.பி.சி. (வேறெதுவும் கலக்காத சாதாரண சிமென்ட்) என்று இருந்தால் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். பி.பி.சி. என்றால் சாம்பல் கலந்த சிமென்ட், மெதுவாகப் பலம் ஏறும்; கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000-படி குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள். இப்போது வீடுகளுக்கு அதிகம் வருவது பி.பி.சி.தான். அதனால் 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கான்கிரீட் போட்ட தேதியையும் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். பத்து இடத்தில் வேலை நடக்கும்போது எது எத்தனையாவது நாள் என்பது மறந்துபோகும்.

தண்ணீர் குடிக்கிற தரத்தில் இருந்தால் நல்லது. உப்பு போர் தண்ணீர் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

பில்லர்

எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். தளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும், பில்லரில் நிற்காது. காலையில் அடித்த தண்ணீர் பதினோரு மணிக்கெல்லாம் காய்ந்து, பில்லர் வெளுத்து நிற்பதைப் பல மனைகளில் பார்க்கலாம். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்பது இதற்குப் போதாது.

பில்லரைச் சுற்றி அடித்த பலகைப் பெட்டியைப் பிரித்தவுடன் பழைய சணல் சாக்கை நனைத்து, பில்லரைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் சாக்கு தண்ணீரை உறிஞ்சாது, வேண்டாம். மேல்நுனியில் ஈரத்துணி ஒன்றை வைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலை அதன்மேல் கட்டிவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கி சாக்கு ஈரமாகவே இருக்கும். மத்தியானம் ஒருமுறை சாக்கின்மேல் கையை வைத்துப் பாருங்கள். கை நனையவில்லை என்றால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

செங்கல் சுவர்

கட்டிய மறுநாளிலிருந்து 7 நாள். ட்யூபின் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சாதீர்கள், புதுக் கலவை கரைந்து வழியும். மேலிருந்து மெதுவாக வழிய விடுங்கள்.

தளம்

கத்திரி வெயிலில் தளம் போட்டால் அன்று மாலையே கவனம் வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுகியதும் ஈரச் சாக்கைப் பரப்பிவிடுங்கள். முதல் நாள் விழும் மெல்லிய விரிசல்களுக்கு இந்தச் சில மணி நேர வெயிலும் காற்றும்தான் பெரும்பாலும் காரணம்.

மறுநாள் காலை பாத்தி கட்ட வேண்டும். சிமென்ட் குறைத்த மணல் கலவையில் 3 அங்குல உயரத்துக்கு வரப்பு, ஐந்தாறு அடிக்கு ஒன்றாக. ஒரே பெரிய பாத்தியாகக் கட்டினால் ஓரிடத்தில் உடைந்தாலும் மொத்தத் தண்ணீரும் போய்விடும். 1000 சதுர அடித் தளத்தில் 2 அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 4700 லிட்டர் தேவை. போரில் தண்ணீர் குறைவென்றால் தளம் போடுவதற்கு முன்பே லாரித் தண்ணீருக்குச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் முழுக் கொசுவாகிவிடும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாத்தியாகத் திறந்துவிட்டு, ஓரங்களைத் துடைப்பத்தால் தேய்த்து, உடனே புதுத் தண்ணீர் நிரப்புங்கள். அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள், இதில் சோம்பல் கூடாது.

செண்ட்ரிங்கை, அதாவது தளத்தைத் தாங்கும் பலகையையும் முட்டையும், பிரிக்க வேலையாட்கள் அவசரப்படுத்துவார்கள். பலகைகள் அடுத்த மனைக்குத் தேவை என்பது அவர்கள் கவலை. ஓ.பி.சி. சிமென்டுக்கே, தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையே 4.5 மீட்டருக்குள் உள்ள தளத்தின் முட்டுகளுக்குக் குறைந்தது 7 நாள், இடைவெளி அதற்கு மேல் என்றால் 14 நாள் என்கிறது அதே ஐ.எஸ். 456 விதி. பி.பி.சி.க்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும். எத்தனை நாள் என்று உங்கள் பொறியாளரைக் கேட்டு, அவர் சொன்ன பிறகே பிரிக்க விடுங்கள்.

பூச்சு

பூசிய மறுநாளிலிருந்து 7 நாள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. வெளிப்பூச்சு முடிந்த வாரம் நான் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மேற்குச் சுவர் முழுக்க முடி போல விரிசல். மாலை வெயில் விழும் சுவர்தான் முதலில் காயும், அதிலிருந்தே நனைக்கத் தொடங்குங்கள். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டாரிடமோ சித்தாளிடமோ காசு கொடுத்தாவது ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏழு நாள் முடிந்ததும் தண்ணீரை நிறுத்திச் சுவரை நன்றாக உலர விடுங்கள். ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் மழைக்காலத்தில் உரிந்து வரும்.