மணிவிழா மலருக்குப் படம் அடுக்க ஒரு சுருக்கு வழி

காரைக்குடிப் பக்கம் மணிவிழா மலர் என்றால் இருநூறு குடும்பப் படங்களாவது வந்துவிடும். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு முதுகு ஒடிந்தவன் சொல்கிறேன், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனிலேயே அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) இருக்கிறது. விண்டோ மெனுவில் யுடிலிட்டீஸ், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ். சாம்பிள்ஸ் கோப்புறையில் இமேஜ்கேட்டலாக் என்பதை இரண்டு முறை தட்டுங்கள். படக் கோப்புறையைக் காட்டி, பக்கத்துக்கு எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று கொடுத்தால் போதும். காபி ஆறுவதற்குள் எல்லாம் கட்டம் கட்டி உட்கார்ந்திருக்கும். லேபிளைத் தேர்ந்தால் கோப்பின் பெயரும் படத்தடியில் வரும். அதனால் முதலிலேயே ‘ஆச்சி1’, ‘ஐயா2’ என்று பெயர் மாற்றிவிடுங்கள். வாலில் ஒட்டிவரும் ஜேபிஜியை மட்டும் ஃபைண்ட்/சேஞ்ச் என்ற தேடி மாற்றும் வசதியில் ஒரே தட்டில் நீக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்து, ‘ஆச்சி1.ஜேபிஜி’ ப்ரூஃப் வரை போய்விட்டது!