மிக்சியை மாற்றும் முன் அடியைத் திருப்பிப் பாருங்கள்

உளுந்து அரைக்கும்போது மிக்சி பொசுக்கென்று நின்றால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பல மிக்சிகளின் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் கூடினால் மோட்டார் கருகாமல் நிறுத்துவது அதுதான். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, அதை அழுத்துங்கள். மோட்டார் உறுமியும் பிளேடு சுற்றவில்லையா? ஜார் உட்காரும் இடத்தில் உள்ள கப்ளரின் பற்கள் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு.

சரி, புதிதுதான் வாங்க வேண்டும் என்றால், வாட்ஸ் கணக்கில் மயங்காதீர்கள். பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் முதலில், “கப்ளர், ஜார், பிளேடு தனியாகக் கிடைக்குமா?” என்று கேளுங்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் அடுத்த கடை. மலேசியாவில் மின்பொருளுக்குத் தரும் பாதுகாப்புச் சான்றான சிரிம் முத்திரையும் இருக்கட்டும். தமிழ்நாட்டிலிருந்து தூக்கி வரும் 230 வோல்ட் மிக்சி இங்கேயும் ஓடும், பிளக்தான் சேராது.

அப்புறம் ரசீது. அந்த வழவழத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றே படம் எடுத்து வையுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும். கடை கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை.