திருவாதிரையை விட அடுப்பு சூடா? விண்மீன் கணக்கில் அடிக்கடி நேரும் தவறுகள்

விண்மீன்களின் நிறத்தை விளக்க நான் பல ஆண்டுகள் காஸ் அடுப்பைத்தான் உதாரணம் காட்டிவந்தேன். நீலச் சுடர் என்றால் அதிகச் சூடு, மஞ்சள் சுடர் என்றால் குறைந்த சூடு, விண்மீனும் அப்படித்தான் என்பேன். கேட்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஒரு தை மாத இரவில், மொட்டைமாடியில் நின்ற எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஆட்டவில்லை. "திருவாதிரை சிவப்பா இருக்கு. எங்க வீட்டு அடுப்பு நீலமா எரியுது. அப்போ திருவாதிரையை விட எங்க அடுப்புதான் சூடா சார்?"

அடுப்புச் சுடர் 2,000 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே பெரிது. திருவாதிரையின் பரப்போ சுமார் 3,500 கெல்வின் (செல்சியஸுடன் 273 கூட்டினால் கெல்வின்). பையன் சொன்னதில் குற்றமில்லை, என் உவமைதான் தப்பு. காஸ் சுடரின் நீலம் சூட்டினால் வரும் நிறமே அல்ல. எரியும்போது உண்டாகும் சில மூலக்கூறுகள் தங்களுக்கே உரிய அலைநீளத்தில் விடும் ஒளி அது. விண்மீனுக்குச் சரியான உவமை கொல்லன் பட்டறை. இரும்பு முதலில் செக்கச்செவேலென்று பழுக்கும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று மாறி வெள்ளையை நோக்கிப் போகும். விண்மீன் அதையும் தாண்டி நீலம் கலந்த வெண்மைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் ஒரு மூலையில் திருவாதிரை, எதிர் மூலையில் 12,000 கெல்வினில் ரைஜல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் வெப்பநிலை வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இங்கேயே இன்னொரு சறுக்கலும் உண்டு. சூரிய ஒளி ஏறத்தாழ 500 நானோமீட்டரில், அதாவது பச்சையில், உச்சம் தொடுகிறது என்று படித்துவிட்டு, அப்படியானால் சூரியன் ஏன் பச்சையாக இல்லை என்று குழம்புவார்கள். உச்சம் அங்கே இருந்தாலும் மற்ற நிறங்களும் தாராளமாக வருகின்றன. எல்லாம் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகிவிடுகிறது.

சரி, பொலிவுக்கு வருவோம். "ரொம்பப் பிரகாசமா இருக்கே, அதுதான் பெரிய நட்சத்திரமா?" என்பது மாடியில் நான் அதிகம் கேட்ட கேள்வி. இந்த ஒரு கேள்விக்குள் மூன்று அளவுகள் குழம்பிக் கிடக்கின்றன: எவ்வளவு தூரம், எவ்வளவு சூடு, எவ்வளவு பெரிது. முதலில் தூரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குச் சிரியஸும் அகத்தியர் நட்சத்திரமும் நல்ல ஜோடி. இரவு வானில் சூரியக் குடும்பத்துக்கு வெளியே மிகப் பொலிவாகத் தெரிவது சிரியஸ். அதற்குத் தெற்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டாவது இடத்தில் இருப்பது அகத்தியர். கண்ணுக்குச் சிரியஸில் பாதிப் பொலிவுதான். ஆனால் சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, அகத்தியர் சுமார் 310 ஒளியாண்டில். கிட்டத்தட்ட 36 மடங்கு தூரம். தூரம் கூடினால் பொலிவு அதன் வர்க்கத்தில் குறையும். ஆகவே இரண்டும் ஒரே திறன் கொண்டவையாக இருந்திருந்தால் அகத்தியர் 1,300 மடங்கு மங்கித் தெரிந்திருக்க வேண்டும். பாதிதான் மங்கியிருக்கிறது என்றால், அது வெளியிடும் ஒளி சிரியஸைப் போல் 600 மடங்குக்கு மேல். சிரியஸே சூரியனைப் போல் 25 மடங்கு ஒளிர்கிறது. அகத்தியர் 10,000 மடங்குக்கும் மேல்.

கண்ணுக்குத் தெரியும் பொலிவைக் குறிக்கும் மேக்னிடியூட் எண்ணைத் தலைகீழாகப் படிப்பதும் வழக்கமான தவறுதான். எண் குறையக் குறையப் பொலிவு கூடும். சிரியஸுக்கு மைனஸ் 1.46, அகத்தியருக்கு மைனஸ் 0.74. ஐந்து எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு, ஐந்து மடங்கு இல்லை. 1856இல் ஆங்கிலேய வானியலாளர் போக்சன் வகுத்த கணக்கு இது.

தூரத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் ஒளிர்திறன், அதாவது விண்மீன் ஒரு நொடியில் வெளியிடும் மொத்த ஆற்றல். அது ஆரத்தின் வர்க்கத்தையும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கையும் பொறுத்தது. ஆரம் இரண்டு மடங்கானால் ஒளிர்திறன் 4 மடங்கு, வெப்பநிலை இரண்டு மடங்கானால் 16 மடங்கு. இதை மனப்பாடம் செய்தவர்கள்கூட, குளிர்ந்த விண்மீன் என்றவுடன் மங்கலானது என்று எழுதிவிடுகிறார்கள். திருவாதிரையைப் போட்டுப் பாருங்கள். அதன் வெப்பநிலை சூரியனுடையதில் 0.6 பங்கு. நான்காம் அடுக்கு 0.135. ஒரு சதுர மீட்டர் பரப்பை மட்டும் எடுத்தால் திருவாதிரை சூரியனில் ஏழில் ஒரு பங்குகூட ஒளிரவில்லை. ஆனால் அதன் ஆரம் சூரியனைப் போல் சுமார் 750 மடங்கு. அதன் வர்க்கம் 5,62,500. பெருக்கினால் 75,000 சூரியன்கள். ரைஜலின் ஆரம் சுமார் 75 மடங்குதான், ஆனாலும் சூட்டினால் அது ஒரு லட்சம் சூரியன்களைத் தொடுகிறது.

இந்தக் கணக்கில் செல்சியஸைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வெப்பநிலைகளையும் செல்சியஸாக மாற்றினால் 0.135க்குப் பதில் 0.119 வரும், 12 சதவீதம் பிழை. விகிதம் எடுக்கும்போது கெல்வின் மட்டுமே செல்லும். அப்புறம், திருவாதிரையின் ஆரம் ஏன் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது என்று கேட்பார்கள். அதன் தூரமே 500 முதல் 700 ஒளியாண்டு வரை பல விதமாக அளவிடப்பட்டிருக்கிறது. வானில் தெரியும் கோண அளவிலிருந்து ஆரத்தைக் கணக்கிடுவதால் தூரத்தின் பிழை அப்படியே ஆரத்துக்கு வரும், ஒளிர்திறனுக்கு வர்க்கமாகப் போகும். எனவே என்னுடைய 750ஐயும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பருமன் பெரிதாக இருந்தால் நிறையும் பெரிதாக இருக்கும் என்ற எண்ணம் இதைவிடப் பிடிவாதமானது. 750 மடங்கு ஆரம் என்றால் கொள்ளளவு 42 கோடி மடங்கு. நிறையோ சூரியனைப் போல் 15 முதல் 20 மடங்குக்குள். சராசரியாகப் பார்த்தால் திருவாதிரை நாம் சுவாசிக்கும் காற்றை விடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசு. மறுபக்கம் சிரியஸின் துணை இருக்கிறது: கிட்டத்தட்ட ஒரு சூரியனின் நிறை பூமியளவு உருண்டைக்குள் அடங்கிய வெண்குள்ளன். வெண்குள்ளன்களில் நிறை கூடக் கூட ஆரம் குறையும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலில் இங்கிலாந்து போன சந்திரசேகர், அந்தப் பயணத்தில் போட்ட கணக்கு இந்தச் சுருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டியது. இன்று அந்த எல்லையைச் சுமார் 1.4 சூரிய நிறை என்கிறோம்.

நிறைக்கும் ஒளிர்திறனுக்கும் ஒரு நல்ல தொடர்பு இருக்கத்தான் செய்கிறது: ஒளிர்திறன் ஏறத்தாழ நிறையின் 3.5 அடுக்கு. ஆனால் மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் முதன்மை வரிசை விண்மீன்களுக்கு மட்டுமே அது பொருந்தும். இந்த நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுவாதி சாட்சி. அதன் ஒளிர்திறன் சூரியனைப் போல் சுமார் 170 மடங்கு. சூத்திரத்தில் போட்டால் நிறை 4.3 சூரியன் என்று வரும். உண்மையான நிறை 1.1 அளவில்தான். மைய ஹைட்ரஜன் தீர்ந்து 25 மடங்கு ஊதிப்போன செம்பூதம் அது. அந்தச் சூத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை.

நிறை அதிகமானால் எரிபொருள் அதிகம், ஆகவே ஆயுளும் அதிகம் என்பதும் தவறு. பத்து மடங்கு நிறையுள்ள விண்மீன் 3,000 மடங்கு வேகத்தில் செலவழிக்கிறது. பத்து மடங்கு சொத்து, மூவாயிரம் மடங்கு செலவு! சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு என்றால், இதற்கு ஏறத்தாழ 3 கோடிதான். மாறாக 0.12 சூரிய நிறையே உள்ள பிராக்சிமா சென்டாரி போன்ற செங்குள்ளன்கள் லட்சம் கோடி ஆண்டுகளையும் தாண்டி எரியும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான் என்பதால், செங்குள்ளன் எதுவும் முதுமையில் அணைந்ததை இதுவரை யாரும் பார்த்திருக்க முடியாது.

வெப்பநிலையையும் ஒளிர்திறனையும் ஒரே படத்தில் போட்டால் கிடைப்பது ஹெர்ட்ஸ்பிரங்–ரசல் வரைபடம். வெப்பநிலை அதில் இடப்பக்கம் போகப் போகக் கூடும் என்பதைக் கவனிக்காமல் வழுக்குபவர்கள் பலர். அதைவிடப் பெரிய வழுக்கல், முதன்மை வரிசையை ஒரு பாதை என்று நினைப்பது. விண்மீன் மேலே சூடாகப் பிறந்து, கீழே குளிர்ந்து வந்து சேருவதில்லை. கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் உயரமானவர் முதல் குட்டையானவர் வரை வரிசையாக நிற்பதால், உயரமானவர்தான் நாளடைவில் குட்டையானார் என்று யாராவது சொல்வார்களா? விண்மீன் தன் நிறைக்கேற்ற இடத்தில் ஏறக்குறைய அப்படியே நின்று, கடைசியில்தான் விலகும். தொடக்கக் காலத்தில், வரைபடத்தின் பெயரில் உள்ள வானியலாளர் ரசலேகூட வரிசையில் கீழிறங்கும் கதையைத்தான் நம்பினார். சூடான விண்மீன்களை "முந்தியவை" என்றும் குளிர்ந்தவற்றை "பிந்தியவை" என்றும் வானியலாளர்கள் இன்னும் சொல்வது அந்தக் காலத்து எச்சம்.

கடைசித் தவறில் பெரிய வானியலாளர்களே மாட்டினார்கள். சிரியஸின் நிறமாலையில், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், ஹைட்ரஜன் கோடுகள் பட்டையாக இருக்கும், திருவாதிரையில் மெலிந்திருக்கும். ஆகவே சிரியஸில்தான் ஹைட்ரஜன் அதிகம் என்றுதானே தோன்றும்? ஆனால் கோட்டின் பலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வெப்பநிலை. சுமார் 10,000 கெல்வினில்தான் அந்தக் கோடுகளை உண்டாக்கும் நிலையில் ஹைட்ரஜன் அணுக்கள் அதிகம் இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் அணுக்கள் அந்த நிலைக்கு ஏறாது, சூடானால் எலக்ட்ரானையே இழந்துவிடும். மேகநாத் சாஹா 1920இல் தந்த அயனியாதல் சமன்பாட்டைக் கொண்டு, 1925இல் ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் இதைக் கணக்கிட்டார். விண்மீன்கள் எல்லாம் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று வந்தது. ரசல் அது சாத்தியமில்லை என்றார். பெய்னும் தன் ஆய்வேட்டில், அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று எழுதிவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1929இல், வேறு வழியில் கணக்குப் போட்ட ரசலுக்கும் அதே விடைதான் வந்தது.