ரணக்பூர் பளிங்குக் கோயிலுக்கு ஒரு முழுப் பிற்பகல்

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், ஆரவல்லி மலைகளுக்கு நடுவே காடு சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது ரணக்பூர். சமண சமயத்தின் வழிகாட்டிகளான தீர்த்தங்கரர்களில் முதல்வரும் தமிழ்ச் சமணர்கள் ஆதிபகவன் என்று வணங்குபவருமான ஆதிநாதருக்கு, 15ஆம் நூற்றாண்டில் இங்கே பளிங்கினால் எழுப்பப்பட்ட கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. உதயப்பூருக்குச் சுற்றுலா செல்பவர்கள் பெரும்பாலும் கும்பல்கர் கோட்டையையும் இக்கோயிலையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். அப்படிப் போனால் கோயிலுக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சுவதே அரிது. அவ்வளவு நேரத்தில் தூண்களின் வேலைப்பாட்டை மேலோட்டமாகப் பார்த்துத் திரும்பலாமே தவிர, கட்டடம் எந்தக் கணக்கில் அமைந்திருக்கிறது என்பது பிடிபடாது. ஆகவே ஒரு பிற்பகல் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கிவிட்டுப் புறப்படுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

உதயப்பூரிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கடைசிப் பகுதி மலைப்பாதை என்பதால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. ஜோத்பூரிலிருந்து 160 கிலோமீட்டர் அளவில் வரும். ரயிலில் வருவோருக்கு அருகிலுள்ள நிலையம் பால்னா. அங்கிருந்து கோயில் சுமார் 35 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நவஜீவன் விரைவு வண்டியில் அகமதாபாத் வரை வந்து, அங்கிருந்து அபு ரோடு வழியாக வடக்கே செல்லும் வண்டி ஒன்றில் பால்னாவில் இறங்கிக்கொள்ளலாம். சௌகார்பேட்டையில் தொழில் செய்யும் சமணக் குடும்பங்களில் பல, ஜோத்பூர் வட்டாரமான மார்வாட்டைப் பூர்விகமாகக் கொண்டவை. அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், கோயிலை ஒட்டிய தர்மசாலையில் தங்குவது பற்றி முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். கோடையில் வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு வெளிப்படிகளில் ஏறும்போது உள்ளங்கால் பொரிந்துவிடும். காலுறை அணிந்துகொள்வது உதவும்.

காலை நேரம் பூசைக்கும் சமணர்களின் வழிபாட்டுக்கும் உரியது. மற்றவர்கள் நண்பகல் 12 மணி முதல் மாலை 5 மணி வரை உள்ளே செல்லலாம். விடியற்காலையில் கிளம்பி வந்து வாசலில் காத்திருப்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் கோயிலின் தலைவாசல் மேற்குப் பார்த்தது. சூரியன் சாயச் சாய வெளிச்சம் அந்த வாசல் வழியாகவும் திறந்த முற்றங்கள் வழியாகவும் தூண்களுக்கிடையே இறங்குகிறது. 12 மணிக்கு வெண்மையாகவும் சற்றே வெளிறியும் தெரிந்த அதே தூண், 4 மணிக்கு வெண்ணெயின் நிறத்துக்கு வந்திருக்கும். அதன் செதுக்கல்களும் நிழல் விழுந்து ஆழம் கொண்டிருக்கும். பார்வையாளர்களுக்கு விடப்பட்டிருக்கும் நேரமே இக்கட்டடத்தைப் பார்க்க மிகச் சிறந்த நேரம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

உடையில் கவனம் தேவை. தோளும் காலும் மறைந்திருக்க வேண்டும். அரைக்கால் சட்டையுடன் அனுமதி கிடையாது. தோல் பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. இடைவார், பணப்பை, கைப்பை, கடிகாரப் பட்டை ஆகியவற்றில் தோலால் ஆனது எது என்பதை விடுதி அறையிலேயே பார்த்து எடுத்துவைத்துவிட்டால் வாசலில் தடுமாற வேண்டியிருக்காது. உணவுப் பொருளுக்கும் புகையிலைக்கும் இடமில்லை. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்ற அறிவிப்பும் வாசலில் உண்டு. குடும்பத்தோடு செல்பவர்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது. படம் எடுக்கத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். சீட்டு வாங்கியிருந்தாலும் தீர்த்தங்கரர் திருமேனிகளைப் படம் எடுக்கக் கூடாது. காணிக்கை தர விரும்பினால் உண்டியலில் இடுவதே முறை.

உள்ளே நுழையும் முன் இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கோயிலைக் கட்டுவித்த தரணா ஷா என்ற பொர்வால் குல வணிகர். மற்றவர் அதை வடிவமைத்த தேபா என்ற சிற்பி. உதயப்பூர் வட்டாரமான மேவாரை ராணா கும்பா என்ற மன்னர் ஆண்ட காலம் அது. ஊரின் பெயரும் ராணாவின் பெயரிலிருந்தே வந்தது. கோயிலில் உள்ள கல்வெட்டு 1439ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தரணா ஷா தம் கனவில் நளினீகுல்ம விமானம் என்னும் தேவலோக விமானத்தைக் கண்டதாகவும், பல சிற்பிகள் வரைந்து காட்டியும் மனம் நிறையாமல் தேபாவின் வரைவையே ஏற்றதாகவும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

படிகளில் ஏறித் தலைவாசலைக் கடந்ததும் உடனே தூண்களின் பக்கம் திரும்பாதீர்கள். நேராக நடுக் கருவறைக்குப் போய் நில்லுங்கள். அங்கே வெண்பளிங்கில், ஆறடி உயரத்தில், ஆதிநாதரின் நான்கு திருமேனிகள் நான்கு திசைகளையும் நோக்கி அமர்ந்திருக்கின்றன. இதனாலேயே இக்கோயிலைச் சௌமுகம், அதாவது நான்முகக் கோயில் என்கிறார்கள். தீர்த்தங்கரர் சமவசரணம் என்னும் அறவுரை மண்டபத்தில் அமரும்போது, எத்திசையில் இருப்பவருக்கும் அவர் தம்மையே நோக்கி இருப்பதாகத் தெரியும் என்பது சமணர்களின் நம்பிக்கை; அந்த நம்பிக்கைதான் இங்கே கட்டடமாகியிருக்கிறது. நான்கு முகங்களுக்கு எதிரே நான்கு வழிகள், அவ்வழிகளில் அடுக்கடுக்காக மண்டபங்கள், மூலைகளில் துணைச் சன்னதிகள், சுற்றிலும் வரிசையாகச் சிறு சன்னதிகள் என்று எல்லாமே அந்த ஒரு நடுப்புள்ளியிலிருந்து விரிகின்றன. இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், 48,000 சதுர அடிப் பரப்பில் எங்கே நின்றாலும் திசை தப்பாது.

தமிழ்நாட்டில் மேல்சித்தாமூரிலோ திருப்பருத்திக்குன்றத்திலோ சமணக் கோயில் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு கண்ணில் படும். நம் பக்கத்துச் சமணர்கள், ஆடை துறந்த துறவியரைப் போற்றும் திகம்பரப் பிரிவினர். அங்குள்ள திருமேனிகள் அணிகலன் இன்றி, தாழ்ந்த பார்வையோடு இருக்கும். ரணக்பூர், வெண்ணாடைத் துறவியரைப் போற்றும் சுவேதாம்பரர் கோயில் என்பதால் திருமேனிகளுக்குத் திறந்த கண்கள் பதித்திருக்கிறார்கள். மங்கிய கருவறைக்குள் முதலில் தெரிவது அந்தக் கண்கள்தாம்.

இனித் தூண்களுக்கு வரலாம். மொத்தம் 1,444 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பார்கள். எண்ணிச் சரிபார்க்க முயல்வதைவிட, ஏதேனும் ஒரு தூணைத் தேர்ந்து அடியிலிருந்து அதன் உச்சியான போதிகை வரை கண்ணால் மெல்ல ஏறிப் பாருங்கள். சதுரமாகத் தொடங்கும் தண்டு எட்டுப் பட்டையாகிப் பின் வட்டமாவதையும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு மாலையோ மணிச்சரமோ ஆடல்மகளிர் வரிசையோ சுற்றி வருவதையும் காண்பீர்கள். பிறகு பக்கத்துத் தூணை அதே போல் பாருங்கள். அங்கே மணிச்சரம் இருந்த இடத்தில் கொடி ஓடும். இத்தனை தூண்கள் நிற்கும் மண்டபத்தில், சன்னதிகளை நோக்கும் பார்வையைத் தூண்கள் மறைக்காதபடி இடைவெளி விட்டிருப்பதுதான் தேபாவின் பெருந்திறமை என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டபத்துத் தூண் ஒன்றில், கருவறையை நோக்கிக் கைகூப்பிய சிறு உருவத்தைக் காட்டி அது தரணா ஷா என்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தனை பெரிய கோயிலைக் கட்டியவர் தமக்கு எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவே என்பது என்னை நெகிழச் செய்தது.

விதானங்களைப் பார்க்கக் கழுத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். தரையில் உட்கார்ந்து தூணில் சாய்ந்துகொண்டால் பொறுமையாகப் பார்க்கலாம். தரை உட்புறத்தில் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். வளைய வளையமாகக் குறுகிச் செல்லும் குவிமாடத்தின் நடுவிலிருந்து கவிழ்ந்த தாமரை போலத் தொங்கும் பளிங்கின் விளிம்பில், வெளிச்சம் ஊடுருவித் தெரியும் அளவுக்குக் கல்லை இழைத்திருக்கிறார்கள். ஒரே தலைக்கு ஐந்து உடல்கள் பொருந்திய உருவம் ஒரு விதானத்தில் உள்ளது. உட்கார்ந்த இடத்திலேயே தலையை மெல்லத் திருப்பினால் ஒவ்வோர் உடலாகத் தனித்துத் தெரியும். தவறவிடக் கூடாத மற்றொன்று, மற்றொரு தீர்த்தங்கரரான பார்சுவநாதருக்குக் குடையாக ஆயிரம் படங்களை விரித்த நாகத்தின் வட்டச் சிற்பம். பாம்புகளின் வால்கள் ஒன்றையொன்று பின்னி முடிச்சிட்டுச் செல்கின்றன. ஒரு வாலின் நுனியிலிருந்து தொடங்கி அது எங்கே போகிறது என்று விரல் படாமல் பின்தொடர்ந்து பாருங்கள்; நான் மூன்று முறை முயன்று மூன்றிலும் வழி தவறினேன்.

வளாகத்தில் பார்சுவநாதருக்கும், இன்னொரு தீர்த்தங்கரரான நேமிநாதருக்கும் சிறிய கோயில்கள் உள்ளன. சற்றுத் தள்ளிச் சூரியன் கோயில் ஒன்றும் இருக்கிறது. பெரிய கோயிலில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, 4 மணிக்கு மேல் இவற்றைச் சுற்றிவந்து, மேற்கு வெளிச்சத்துக்காகக் கடைசி அரைமணி நேரம் மீண்டும் உள்ளே போவது நல்ல ஏற்பாடு. கோயிலின் உணவுக்கூடமான போஜனசாலையில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு சேர்க்காத சமணச் சாப்பாடு எளிய விலையில் கிடைக்கும். சூரியன் மறைந்த பின் சமணர்கள் உண்பதில்லை என்பதால் இரவுச் சாப்பாடும் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். கோயிலைவிட்டு வெளியே வந்ததும் செருப்பைக்கூட அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதலில் சாப்பாட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.