பாலைவன வெயிலுக்குச் சட்டை: ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்

இந்தப் பாலைவன ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வார விடுமுறையிலேயே மணல்மேட்டுக்கோ மலைப்பாதைக்கோ கிளம்பிவிடுகிறார்கள், பெட்டியில் கொண்டுவந்த மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-சர்ட்டோடு. வெயில் நமக்கென்ன புதிதா என்ற நினைப்பு. நமக்குப் பழக்கமானது புழுக்கமான வெயில். இங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும், உடம்பு வேகிறது என்பதே உறைக்காது. கறுத்த தோல் எரியாது என்பதும் தவறு. எரியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

லேபிளில் யூபிஎஃப் (UPF) எண்ணைத் தேடுங்கள், துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. 50 என்றால் துணிமேல் விழும் புற ஊதாக் கதிரில் 2 சதவீதம்தான் உள்ளே வரும். 30 என்றால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த வெள்ளை டீ-சர்ட் 5, 7 என்ற அளவில்தான் நிற்கும், நனைந்தால் இன்னும் இறங்கும். 'வெயில் தடுப்பு' என்று மட்டும் போட்டு எண்ணைப் போடாத சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு நகருங்கள்.

பலரும் ஏமாறுவது 50+ சட்டையை வாங்கிய பிறகுதான். ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த, உடம்போடு ஒட்டும் சட்டையைத் தங்கள் வழக்கமான சைஸிலோ அதற்கும் சிறியதிலோ எடுக்கிறார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தரநிலையில் அந்த எண்ணை அளப்பது புதுத்துணியை உலர்ந்த நிலையில், இழுக்காமல் வைத்து. நடக்கும்போது நிலைமை வேறு. தோள்பட்டை, முதுகு, முழங்கை மூன்றிலும் துணி விறைத்து நிற்கும். இழுபட இழுபட இழைகளுக்கு நடுவே கண் திறக்கும். கதிர் நுழைவது அந்தக் கண் வழியாகத்தான். சட்டை போட்டும் தோள் சிவந்து காந்துகிறது என்பவர்களின் சட்டையைப் பாருங்கள், பெரும்பாலும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

கடையிலேயே சோதிக்கலாம். துணியை விளக்குக்கு நேரே பிடித்து இரண்டு கையாலும் இலேசாக இழுங்கள். ஊசிமுனை போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் வேண்டாம். பிறகு போட்டுக்கொண்டு கைகளை முன்னால் கட்டிப் பாருங்கள், முதுகில் துணி விறைக்கக் கூடாது. கையைத் தூக்கினால் மணிக்கட்டும் இடுப்பும் மூடியே இருக்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் கொடுப்பது ஒரு சைஸ் பெரிய சட்டைதான். தொளதொளப்பாக இருந்தால் உள்ளே காற்றும் ஓடும். பாலைவன நாடோடிகளான பெடூயின் மக்களின் கறுப்பு அங்கியை ஆராய்ந்து 1980இல் வெளியிட்டவர்கள் கண்டதும் இதுவே: கறுப்புத் துணி கூடுதலாக வாங்கும் வெப்பம், தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்றால் தோலை எட்டும் முன்பே வெளியேறிவிடுகிறது. அதனால் அடர்நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். அது கதிரையும் கூடுதலாகத் தடுக்கும்.

துணியில் பாலியஸ்டர் நல்லது. அந்த இழையே புற ஊதாக் கதிரை உறிஞ்சும், சீக்கிரம் காயும். வெளுத்த பருத்திக்கு அந்தக் குணம் குறைவு. முழுக்கையும் நிமிர்த்திவிடக்கூடிய காலரும் கட்டாயம். காய்ந்த மணல் சுமார் 15 சதவீதக் கதிரைத் திருப்பி அனுப்பும் என்பதால் தாடைக்கு அடியிலும் எரியும், அங்கே தொப்பியால் பயனில்லை. அக்குளில் வலைத்துணி இருக்கலாம். முதுகில் இருந்தால் அதன்மேல் ஒரு மடிப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம். அது இழைமேல் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. வெளியே போய் வந்த அன்றே வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள், காய்ந்த உப்பு கழுத்தோரத்தை அறுக்கும். பை வார் உரசும் தோள்பகுதிதான் முதலில் தேயும். மாதம் ஒருமுறை அந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிட வெளுத்துத் தெரிந்தால் அந்தச் சட்டை இனி வீட்டுக்குள் போட மட்டும்.