காலாவதித் தேதியைப் பார்த்து உணவைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பாக்கெட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் தேதி இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பாக்கெட் பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். அதில் குறிப்பிட்ட முறைப்படியே அது வைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தத் தேதியை நம்ப முடியாது. தேதி தாண்டிய பிஸ்கட்டைப் பயந்து தூக்கி எறிபவர்களே, காலையில் சமைத்து மேசையில் விட்ட சோற்றை இரவில் தயக்கமின்றிச் சாப்பிடுவதைப் பார்க்கிறோம். உண்மையில் அபாயம் மிகுந்தது இரண்டாவதுதான். கெட்டுப்போன உணவாலும் அசுத்தமான உணவாலும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள் என்றும், அவர்களில் 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது.

படி 1: எந்த வகைத் தேதி என்று பாருங்கள்

'பெஸ்ட் பிஃபோர்' என்று இருந்தால், அந்த நாள் வரை சுவையும் மணமும் மொறுமொறுப்பும் குறையாது என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கிறார் என்று பொருள். முறையாக வைக்கப்பட்ட உலர்ந்த பண்டம் அந்த நாளுக்குச் சற்றுப் பிறகும் உண்ணத் தக்கதாகவே இருக்கக்கூடும். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று இருந்தால் அது பாதுகாப்பு பற்றிய எல்லை. அந்த நாள் முடிந்த பிறகு, பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் அந்த உணவை உண்ணக் கூடாது. பன்னாட்டு உணவுத் தர நெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, 2018-இல் திருத்திய லேபிள் விதிகளில் இந்த வேறுபாட்டையே வரையறுத்திருக்கிறது.

சில பாக்கெட்டுகளில் முடிவு நாள் நேரடியாக இருக்காது. தயாரித்த தேதியும் 'தயாரித்த நாளிலிருந்து 6 மாதங்கள்' என்ற குறிப்பும் மட்டும் இருக்கும். அப்படியானால் கணக்கிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். வெளிநாட்டில் தயாரான பொருளில் 05/06 என்று இருந்தால், முதலில் இருப்பது நாளா மாதமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் கவனியுங்கள்.

படி 2: பாக்கெட்டின் நிலையைச் சோதியுங்கள்

தேதி மீதமிருந்தாலும், உப்பிய டின், ஒழுகும் டின், விளிம்பு இணைப்பில் நசுங்கிய டின் ஆகியவற்றை வாங்க வேண்டாம். காற்றில்லாத சூழலில், புளிப்புத்தன்மை குறைந்த உணவில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்குகிறது. டின் உப்புவதற்கு அது வெளிவிடும் வாயுவும் காரணமாக இருக்கலாம். அத்தகைய டின்னைத் திறந்து 'கொஞ்சம் ருசி பார்ப்போம்' என்று நினைப்பதே ஆபத்து. மிகச் சிறிய அளவே உயிருக்கு உலை வைக்கும். சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பண்டம் நொறுங்காமலும் எண்ணெய் சிக்கு அடிக்காமலும் இருக்க அதில் நைட்ரஜன் வாயுவை நிரப்பியிருப்பார்கள்.

படி 3: பிரித்த நாளை எழுதி ஒட்டுங்கள்

மிக உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைத்த பால், பிரிக்காத வரை மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கும். பெட்டியின் மூலையை வெட்டிய கணத்திலிருந்து அது சாதாரணப் பால்தான். ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பெட்டியில் எழுதிய தேதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே என்று கணக்குப் போடுவது இங்கே பொருந்தாது. சாஸ், பழச்சாறு, பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்கும் இதே விதிதான். 'திறந்த பின் இத்தனை நாட்களுக்குள்' என்ற குறிப்பு பெரும்பாலும் பொடி எழுத்தில் பின்பக்கம் இருக்கும். அதைத் தேடிப் படித்து, ஒரு துண்டு ஒட்டுநாடாவில் பிரித்த தேதியை மார்க்கரால் எழுதி மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் வீட்டில் பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

படி 4: ஃபிரிட்ஜின் குளிரை அளந்து பாருங்கள்

ஃபிரிட்ஜின் உட்புறம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். திருகியில் உள்ள எண்கள் பெரும்பாலும் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. எனவே ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். கதவிலுள்ள தட்டுகள் அடிக்கடி வெளிக்காற்று படுவதால் சூடு கூடியவை. பாலை அங்கே வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். பச்சை இறைச்சியையும் மீனையும் மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வைத்தால், அவற்றின் நீர் சமைத்த உணவின் மேல் சொட்டாது.

குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, வளர்ச்சியைத்தான் மந்தப்படுத்துகிறது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்லப் பெருகும். கருவுற்ற பெண்ணிடமிருந்து கருவுக்கும் அது பரவக்கூடும். ஆகவே கருவுற்றவர்களும் முதியவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் தேதி விஷயத்தில் சிறிதும் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 5: சமைத்த உணவுக்கு மணிக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

சமைத்த உணவில் தேதி அச்சிடுவார் யாருமில்லை என்பதால், இந்தப் படியில்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் பாக்டீரியாக்களுக்கு உகந்தது; சூழல் வாய்த்தால் அவற்றில் சில 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒரே ஒரு பாக்டீரியா ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். எனவே சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். வெயில் காலத்தில், அறை 32 டிகிரிக்கு மேல் இருந்தால், ஒரு மணி நேரமே எல்லை.

சூடுபடுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது முழு உண்மையன்று. சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவிடுகின்றன. மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நஞ்சு அழியாது. கையிலும் மூக்கிலும் இருந்து உணவில் சேரும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சும் அவ்வாறே வெப்பத்தைத் தாங்கும். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே குமட்டலும் வாந்தியும் வருவதற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

மீந்த உணவை அகன்ற, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்துப் பரப்பினால் விரைவில் ஆறும். பெரிய அண்டாவோடு ஃபிரிட்ஜில் வைத்தால் அதன் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்படி வைத்ததை 3 அல்லது 4 நாட்களுக்குள், சோறானால் மறுநாளே, உண்டுவிடுங்கள். சூடாக்கும்போது ஓரம் மட்டுமின்றி நடுப்பகுதியும் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக வேண்டும். மைக்ரோவேவில் இடையிடையே கிளறாவிட்டால் அங்கங்கே குளிர்ந்த திட்டுகள் நின்றுவிடும். ஒருமுறை சூடாக்கி மீந்ததை மறுபடியும் எடுத்து வைக்க வேண்டாம். ஃபிரீசரில் உறைந்த உணவை ஃபிரிட்ஜில் வைத்தே இளக விடுங்கள்.

படி 6: மூக்கை மட்டும் நம்பாதீர்கள்

ஊசிய வாடையும் வழுவழுப்பும் வந்த உணவைக் கொட்டிவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாடை இல்லாததால் உணவு நல்லது என்று முடிவு செய்ய முடியாது. வாடையை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு, நோயை உண்டாக்குபவை பெரும்பாலும் வேறு. சால்மொனெல்லா என்ற நோய் உண்டாக்கும் பாக்டீரியா கலந்த உணவு புதிதாகச் சமைத்தது போலவே மணக்கலாம். ரொட்டியில் பூஞ்சணம் பூத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது போதாது; அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், முழுவதையும் எறியுங்கள்.

படி 7: நோய் கண்டால் செய்ய வேண்டியவை

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால், உடலிலிருந்து இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே முதல் வேலை. ஓஆர்எஸ் பொடி கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். உப்பின் அளவு கூடினால் குழந்தைகளுக்குத் தீங்கு நேரும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குடித்த நீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் பேதி ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தைகள், முதியவர்கள், கருவுற்றவர்கள் விஷயத்தில் இவ்வளவு தூரம் காத்திருக்கவே வேண்டாம். பார்வை மங்குதல், இமை தொங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பாட்டுலினம் நஞ்சின் அறிகுறிகள். உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நோய்க்குக் காரணம் என்று நீங்கள் ஐயுறும் உணவின் பாக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். மீதியை நன்றாக மூடி, யாரும் எடுத்து உண்ணாதபடி தனியே ஃபிரிட்ஜில் வைத்து, லேபிளில் உள்ள பேட்ச் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுப்பைக் குறிக்கும் எண்) மருத்துவரிடமும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் தெரிவியுங்கள். அதே பேட்ச் பொருளை வேறு எந்த வீடுகளில் வாங்கியிருக்கிறார்கள் என்று தேடி, அதைத் திரும்பப் பெற அந்த எண் உதவும்.